மேல்நாட்டார் அச்சமும் சீனர் துணிவும்

(சங்கக் கூட்டமொன்றிலே நிகழ்த்தப்பட்ட பேச்சு)



மேல்நாட்டார் அஞ்சத் தொடங்கிவிட்டனர், சீனரோ எதற்கும் துணிந்து நிற்கின்றனர் என்னும் பேச்சை இக்காலத்திலே பலவிடத்தும் கேட்கின்றோம். மேல்நாட்டு அறிஞர் சிலரே தம்மவரைப் பற்றி இவ்வாறு குறைகூறி எழுதுகின்றனர். சந்திரனிலே கால்வைத்தவர்கள் இன்று ஒரு பாதை போடுவதற்குப் பத்தாண்டு யோசிக்கின்றார்களே என்பது அவர்களுடைய கவலை. இக்கூற்று எவ்வளவிற்கு உண்மை என்பதை இன்று உங்களோடு சேர்ந்து ஆராய்ந்து பார்க்க விரும்புகின்றோம்.

முதலிலே கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வோம். பீஜிங் நகரையும் ஷங்காய் நகரையும் இணைக்கும் 1,318 கிலோமீற்றர் நீளமான அதிவேகப் புகையிரதப் பாதையைச் சீனர் 2008 ஆம் ஆண்டிலே தொடங்கி, 2011 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலே திறந்துவைத்தனர். 2024 ஆம் ஆண்டு முடிவிலே அந்நாட்டிலுள்ள இத்தகைய பாதைகளின் மொத்த நீளம் 48,000 கிலோமீற்றர். அதே 2008 ஆம் ஆண்டிலேதான் அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநில மக்களும் தமக்கு அத்தகைய பாதை வேண்டுமென்று வாக்களித்து, ஏறக்குறைய ஆயிரங்கோடி டொலர் கடன்பெற அனுமதி கொடுத்தனர். 2025 ஆம் ஆண்டிலும் ஒரு பிரயாணியேனும் அதிலே ஏறினாரில்லை.

புகையிரதத்தை உலகுக்கு அளித்த இங்கிலாந்தின் கதை இன்னும் விசித்திரமானது. இலண்டனிலிருந்து பேர்மிங்ஹாமுக்கு அதிவேகப் பாதை அமைக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2017 இல் நிறைவேற்றியது. அதற்குமேலும் 8,276 அனுமதிகள் வேண்டியிருந்தன என்று அவ்வேலையை நடத்தும் கொம்பனியின் தலைவரே 2024 இல் கூறினார். வழியிலுள்ள காட்டொன்றில் வாழும் அரிய வௌவால்கள் வண்டியில் அடிபடாதிருக்கும்பொருட்டு, பாதைக்கு மேலே ஒரு கிலோமீற்றர் நீளத்திற்குக் கூரை போடவேண்டியதாயிற்று. அதற்கு மாத்திரம் பத்துக்கோடிப் பவுணுக்கு மேற்பட்ட செலவு. வௌவால்மீது எமக்குப் பகையில்லை. ஆயினும் செலவு மிகுந்துவிட்டதென்று, மாஞ்செஸ்டர்வரை செல்லவேண்டிய வடபகுதியை 2023 இல் அரசாங்கம் கைவிட்டது. வௌவாலுக்குக் கூரை கிடைத்தது. மாஞ்செஸ்டர் மக்களுக்குப் பாதை கிடைக்கவில்லை.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் தீர்ப்புச் சொல்வது எளிது. ஆயின், 2011 ஆம் ஆண்டு யூலை 23 ஆம் நாள் இரவு நடந்ததையும் கேளுங்கள். சீனாவின் வென்சௌ நகருக்கருகே இடியும் மின்னலும். சைகைக் கருவி பழுதாகிவிட்டது. உயர்ந்த பாலமொன்றின்மேல் வந்த ஒரு வண்டியின் பின்புறத்தே மற்றொரு வண்டி வந்து மோதியது. பெட்டிகள் பாலத்திலிருந்து கீழே விழுந்தன. நாற்பது பேர் மாண்டனர். மறுநாளே, உடைந்த பெட்டிகளை அவ்விடத்திலேயே குழிதோண்டிப் புதைக்க முற்பட்டனர் அதிகாரிகள். உயிரோடிருப்பார் இனி எவருமில்லை என்று கருதப்பட்ட பின்னர், ஏறக்குறைய ஒரு நாள் கழித்து, இரண்டு வயதுக் குழந்தையொன்று இடிபாட்டினுள்ளே உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. தாயும் தந்தையும் இறந்துவிட்டனர். அப்போது சீன மக்கள் கொண்ட சினம் சிறிதன்று. அரசாங்கத் தொலைக்காட்சியிலேயே அறிவிப்பாளர் ஒருவர், நாட்டின் வேகத்தைச் சற்றுக் குறைக்குமாறு மன்றாடினார். விசாரணை நடந்தது. கருவியின் அமைப்பிலேயே குறையிருந்ததென்றும் நிருவாகம் சீர்கெட்டிருந்ததென்றும் அரசாங்கமே ஒப்புக்கொண்டது. வண்டிகளின் வேகமும் குறைக்கப்பட்டது. ஷங்காய்ப் பாதையிலே மணிக்கு 350 கிலோமீற்றர் வேகம் 2017 இலேதான் அனுமதிக்கப்பட்டது.

இங்கேதான் எமக்கு ஒரு கேள்வி எழுகின்றது. துணிந்தவர் யார்? விழுந்தவர் யார்? பாதையை விரைவில் முடிக்குமாறு பணித்தவர் அந்த வண்டியில் இருந்தாரில்லை. 1958 ஆம் ஆண்டிலே மாவோ சேதுங் தொடங்கிய பெரும்பாய்ச்சலும் ஒரு துணிச்சலே. அதனை அடுத்துவந்த பஞ்சத்திலே கோடிக்கணக்கானோர் மாண்டனர். கட்டளையிட்டவர் எவரும் பட்டினியால் மாண்டதாக நாம் கேட்டதில்லை. பிறர் உயிரை வைத்து ஆடுவதைத் துணிவு என்று சொல்ல எமது நா எழவில்லை.

மேல்நாட்டாரின் அச்சமும் வானத்திலிருந்து விழுந்ததன்று, அநுபவத்திலே பிறந்தது. 1957 ஆம் ஆண்டிலே மேற்கு ஜேர்மனியில் தலிடோமைட் என்னும் தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற பெண்கள் அதனை உண்டதனால், உலகிலே பதினாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்தன. அமெரிக்காவிலே பிரான்சிஸ் கெல்சி என்னும் பெண் அதிகாரி, மருந்துக் கொம்பனி எவ்வளவு நெருக்கியும், போதிய சான்று இல்லையென்று அனுமதி மறுத்துவிட்டார். அவருடைய தாமதத்தினால் எத்தனையோ குழந்தைகள் தப்பின. அடுத்து, 1962 இல் மருந்துச் சட்டமும் இறுக்கப்பட்டது. இத்தகைய அச்சத்தை இகழ்வார் உளரோ?

ஆயினும் நல்ல மருந்தும் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். யப்பானின் புக்குஷிமா அணுநிலையம் 2011 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே சுனாமியால் சிதைந்ததும், ஜேர்மனி தன் அணுநிலையங்கள் எல்லாவற்றையும் மூடத் தீர்மானித்தது. எஞ்சியிருந்த மூன்றும் 2023 ஏப்பிரில் 15 இல் மூடப்பட்டன. அன்று அந்நாட்டின் நிலக்கரி நிலையங்கள் புகை கக்கிக்கொண்டுதான் இருந்தன. அவற்றை மூடுவதற்குச் சட்டம் வைத்த கடைசித் தவணை 2038. நிலக்கரிப் புகையும் மனிதரைக் கொல்வதே. ஆனால் அது நாள்தோறும் சிறுகச் சிறுகக் கொல்வதனாற் பத்திரிகையின் முதற்பக்கத்திற்கு வருவதில்லை. சீனரும் புக்குஷிமாவைக் கண்டு அஞ்சாமலில்லை. புதிய நிலையங்களுக்கு அனுமதி கொடுப்பதை உடனே நிறுத்தினர், உள்ளவற்றைப் பரிசோதித்தனர், 2012 அக்டோபரிலே மீண்டும் தொடங்கினர். இந்த விடயத்தில் எமக்குச் சீனர் வழியே சரியெனப் படுகின்றது. ஒன்றைச் செய்வதால் வரும் கேட்டைக் கணக்கிலெழுதி, செய்யாது விடுவதால் வரும் கேட்டை எழுதாமல் விடுவது மேல்நாட்டாரின் இன்றைய குறை. அவர்கள் அளவுக்கு மிஞ்சி அஞ்சுகின்றனர் என்போர் கூற்றிலே இவ்வளவு உண்மை உண்டு.

இனி, சீனர் எல்லாவற்றிலும் துணிந்தவர்தாமோ? கொரோனாத் தொற்றுக்கு அஞ்சி, 2022 ஆம் ஆண்டிலே இரண்டரைக் கோடி மக்கள் வாழும் ஷங்காய் நகரை ஏறக்குறைய இரண்டு மாதம் பூட்டி வைத்தவர்கள் அவர்களே. மத்திய அரசாங்க உத்தியோகத்திற்கென 2024 ஆம் ஆண்டுக்காக நடந்த பரீட்சைக்கு முப்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் தகுதி பெற்றனர். இருந்த இடங்களோ நாற்பதினாயிரமளவே. அரசாங்க உத்தியோகம் கிடைத்தாற் போதும் என்னும் எண்ணம் சீனத்துப் பெற்றோருக்கும் உண்டு. (இதைக் கேட்டு முன்வரிசையிலே சிலர் புன்னகை செய்வது தெரிகின்றது!)

இவ்விடயத்திலே கிறிஸ்தோபர் ஷீ, எல்கே வெபர் என்னும் உளநூலறிஞர் இருவர் 1990 களின் இறுதியிலே வெளியிட்ட ஆராய்ச்சி சுவையானது. நிச்சயமாகக் கிடைக்கும் சிறுதொகை வேண்டுமா, கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும் என்னும் பெருந்தொகை வேண்டுமா என்று அமெரிக்க மாணவரையும் சீன மாணவரையும் கேட்டனர். அமெரிக்கரே துணிவர் என்று இருசாராரும் எண்ணியிருந்தனர். துணிந்தவர் சீனரே. ஆனால் அத்துணிவு பணத்தைப் பொறுத்த மட்டிலேதான். மருத்துவம், கல்வி ஆகியவற்றிலே அவ்வேற்றுமை காணப்படவில்லை. ஆராய்ச்சியாளர் கூறும் காரணம் இது: பணத்தை இழந்தால், தாங்கிப் பிடிக்கச் சீனனுக்குக் குடும்பமும் உறவினரும் உண்டு. மெத்தை விரித்திருக்கின்றது என்று அறிந்தவன் குதிக்கின்றான்.

மெத்தை என்றதும் ஒரு வலையின் கதை நினைவுக்கு வருகின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலம் 1933 முதல் 1937 வரை கட்டப்பட்டது. பத்திலட்சம் டொலர் வேலைக்கு ஓர் உயிர் பலியாவது இயல்பு என்று அக்காலத்துப் பாலவேலைக்காரர் கணக்கு வைத்திருந்தனர். மூன்றரைக்கோடி டொலர்ப் பாலத்திற்கு எத்தனை உயிர் என்று நீங்களே கணக்கிடலாம். பிரதம பொறியியலாளர் ஜோசப் ஸ்திராவுஸ் பாலத்தின் அடியிலே வலை கட்டுவித்தார். தவறி விழுந்த பத்தொன்பது பேர் அதிலே விழுந்து பிழைத்தனர். 1937 பெப்ரவரியிலே சாரமொன்று உடைந்து வலையையும் கிழித்துக்கொண்டு வீழ்ந்ததிற் பத்துப் பேர் இறந்தனர். அதற்குமுன் இறந்தவர் ஒருவரே. அஞ்சியவர் வலை கட்டினார். வலை இருந்தபடியால் மற்றவர்கள் துணிந்து வேலைசெய்தனர். பாலமும் நான்காண்டில் முடிந்தது. மேல்நாட்டார் முன்னாளிலே அச்சத்தையும் துணிவையும் ஒருங்கே வைத்திருந்தவர்தாம்.

சீன மக்களிடையேயும் அத்தகைய துணிவு உண்டு. 1978 ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே, அன்ஹுயி மாகாணத்துச் சியாவோகாங் என்னுஞ் சிற்றூரில், பதினெட்டுக் கமக்காரர் இரவிலே ஒரு குடிசையிற் கூடினர். பிச்சையெடுத்துப் பிழைத்த ஊர் அது. கூட்டுப்பண்ணை நிலத்தைத் தமக்குள்ளே குடும்பவாரியாகப் பிரித்துப் பயிரிடுவதென முடிவுசெய்தனர். அன்றைய சட்டத்தின்படி அது பெருங்குற்றம். ஒரு தாளிலே ஒப்பந்தம் எழுதிக் கைவிரல் பதித்தனர். அரசாங்கத்துக்குரிய நெல்லை அளந்து கொடுப்பது, பிரித்த செய்தியை வெளியிடாதிருப்பது என்பவற்றோடு இன்னுமொன்றும் அதிலே எழுதினர். தம்முள் எவரேனும் சிறைப்பட்டாலோ கொல்லப்பட்டாலோ, அவருடைய பிள்ளைகளைப் பதினெட்டு வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பதென்பதே அது.

அடுத்த ஆண்டு விளைச்சல் முன்னைய ஆண்டுகளைக் காட்டிலும் பன்மடங்கு பெருகியது. செய்தி மெல்ல வெளியாயிற்று. மேலதிகாரிகள் சிலர் கண்டும் காணாதவர்போல் இருந்தனர். பின்னர் அரசாங்கமே அவ்வழக்கத்தை நாடு முழுவதற்கும் ஆக்கிற்று. பதினெண்மரில் ஒருவரும் சிறைசெல்லவில்லை. ஒருவர் பிள்ளையை மற்றவர் வளர்க்க நேரவுமில்லை.