விருந்தாளியாக வந்த வரி



விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வரி மட்டும் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனாகிவிடுகிறது.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்ட, சில பொருள்களுக்கு மேல்வரியும் போட்டார்கள். ஐந்தாண்டுக்குத்தான் என்றார்கள். நம் பிள்ளைகள் கேட்கும் ஒரு பாட்டில் கலருக்கு வரி 28, மேல்வரி 12. ஆக 40 சதவீதம்.

2022 ஜூனில் கெடு முடிந்தது. கொரோனாக் காலத்தில் மாநிலங்களுக்காக வாங்கிய கடனை அடைக்க வேண்டும் என்று 2026 மார்ச் வரை நீட்டினார்கள்.

2025 செப்டம்பர் 22-ல் கலருக்கு மேல்வரி நீங்கியது. நாம் மகிழ்ந்தோமா? அன்றே வரி 40 சதவீதமாயிற்று! சோப்புக்கும் பற்பசைக்கும் வரி குறைந்தது உண்மை, மறுக்கவில்லை. பெரிய காருக்கும் 50 வரை இருந்த சுமை 40 ஆயிற்று. கலருக்கோ பெயர்தான் மாறியது. மேல்வரிக்காவது கெடு இருந்தது; இந்த வரிக்கு அதுவும் இல்லை.

இனி ‘தற்காலிகம்’ என்றால், எந்தத் தேதி வரை என்று கேட்போம். காலண்டரில் குறித்து வைப்போம். அந்தத் தேதி வந்ததும், வரியின் பெயரைப் பார்க்காமல் கடையில் விலையைப் பார்ப்போம்.