ஷானி ஓநீல்: கேமராவின் இரு பக்கமும் நின்றவர்

ஷானி நெல்சன் 1974 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா ஃபால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவில். திருமணத்துக்கு முன் அவர் திரைப்பட விளம்பரத் துறையில் வேலை பார்த்தார். ஒரு படத்தை மக்களிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது அவருக்கு அங்கே கிடைத்த பாடம். பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் புரிந்துகொள்ள, இந்தத் தொடக்கத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

அவர் மணந்தவர் ஷக்கீல் ஓநீல். ஏழடி ஓரங்குல உயரம். ‘ஷாக்’ என்றால் கூடைப்பந்து பார்க்காதவர்களுக்கும் தெரியும். லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணி 2000, 2001, 2002 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்பிஏவின் பட்டத்தை வென்றபோது அணியின் தூணாக நின்றவர். 2002 டிசம்பர் 26 அன்று, பெவர்லி ஹில்சில் திருமணம் நடந்தது. அதற்கு முன்பே இருவருக்கும் ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்திருந்தார்கள். பின்னர் இன்னொரு மகன், இன்னொரு மகள். ஷானிக்கு முந்தைய உறவில் பிறந்த மூத்த மகனையும் ஷாக் தன் பிள்ளையாகவே வளர்த்தார்.

என்பிஏ வீரரின் குடும்ப வாழ்க்கை வெளியிலிருந்து பார்ப்பதற்குச் சொகுசாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு பருவத்துக்கு 82 ஆட்டங்கள். அதில் பாதி வெளியூரில். பிள்ளைகளின் காய்ச்சல், பள்ளிக்கூடம், பிறந்தநாள் எல்லாம் பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழும். அணி நிர்வாகம் ஒரு வீரரை மாற்றிக் கொடுத்தால், குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். 2004இல் லேக்கர்ஸ் ஷாக்கை மயாமி ஹீட் அணிக்கு மாற்றியபோது, ஷானியின் வீடு கண்டத்தின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்தது. இந்த முடிவுகள் எடுக்கப்படும் அறையில் மனைவிக்கு நாற்காலி கிடையாது.

2006இல் மயாமி பட்டம் வென்றது. மறு ஆண்டு செப்டம்பரில் ஷாக் மணவிலக்குக் கோரி மனு செய்தார்; பிறகு அதைத் திரும்பப் பெற்றார். 2009 நவம்பரில் ஷானி மனு செய்தார். இந்த மண வாழ்க்கை முறிந்ததற்குத் தன் நடத்தையே காரணம் என்று ஷாக் பிற்காலத்தில் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார்.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2010 ஏப்ரலில், விஎச்1 தொலைக்காட்சியில் ‘பாஸ்கெட்பால் வைவ்ஸ்’ தொடங்கியது. களம் மயாமி. கூடைப்பந்து வீரர்களின் மனைவியர், முன்னாள் மனைவியர், நிச்சயமாகித் திருமணம் நடக்காமல் போனவர்கள், வீரர்களின் குழந்தைகளுக்குத் தாயானவர்கள் எனப் பலரும் அதில் வந்தார்கள். நிகழ்ச்சியில் தோன்றுவதோடு ஷானி நிற்கவில்லை. அதன் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவராகவும் ஆனார். ரியாலிட்டி நிகழ்ச்சியில் முகம் காட்டுபவர் சம்பளம் வாங்கிக்கொண்டு போவார். தயாரிப்பாளருக்கோ யாரைச் சேர்ப்பது, எதைக் காட்டுவது என்பதில் பேச்சுரிமை உண்டு. மணவிலக்கின் நடுவில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டு வாங்கியது சாதாரணக் காரியமல்ல.

பங்கேற்றவர்களின் நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு காட்சி போதும். அந்தப் பெண்களில் ஒருவர் ஒரு நட்சத்திர வீரரின் குழந்தைக்குத் தாய். குழந்தையின் தகப்பன் பெயரைப் பொதுவெளியில் உச்சரிக்கக் கூடாது என்று நீதிமன்றத் தடை இருந்தது. தன் கதையைச் சொல்ல வந்த பெண், அந்தப் பெயரைச் சொல்லாமலே கேமரா முன் பேசினார்.

இப்படிப்பட்ட பேச்சுகளை நிகழ்ச்சி கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தால் அதன் மதிப்பே வேறாக இருந்திருக்கும். ஆனால் போகப்போகச் சண்டைதான் முன்னுக்கு வந்தது. பாட்டில் பறந்தது, மேசை மேல் ஏறிப் பாய்ந்தார்கள். கறுப்பினப் பெண்களை எப்போதும் கத்துபவர்களாக, கை நீட்டுபவர்களாகக் காட்டுகிறது என்ற கண்டனம் எழுந்தது. 2012இல் நிகழ்ச்சியைப் புறக்கணிக்கக் கோரி இணையத்தில் கையெழுத்து திரட்டினார்கள். சித்தரிப்பு தனக்கும் வருத்தம் தருவதாக ஷானி சொன்னார். அந்த வருத்தம் உண்மையானதாகவே இருக்கலாம். ஆனாலும் தயாரிப்பாளர் பட்டியலில் பெயர் இருக்கும்போது, பழியிலும் பங்கு உண்டு.  2011இலேயே லாஸ் ஏஞ்சலிசைக் களமாகக் கொண்ட கிளை நிகழ்ச்சி வந்திருந்தது. மூல நிகழ்ச்சி 2013இல் நின்று, 2017இல் மறுபடி தொடங்கியது.

இதற்கிடையே பிள்ளைகளும் பந்தைக் கையில் எடுத்தார்கள். ஷாக்குக்கும் ஷானிக்கும் பிறந்தவர்களில் மூத்தவரான ஷரீஃப், யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணிக்கு ஆடவிருந்த நேரத்தில், பிறவியிலேயே இதய ரத்தக்குழாய் அமைப்பில் கோளாறு இருப்பது மருத்துவச் சோதனையில் தெரிந்தது. 2018 டிசம்பரில் திறந்த இதய அறுவை சிகிச்சை நடந்தது. அந்தப் பருவம் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்துவிட்டு ஷரீஃப் மீண்டும் களத்துக்கு வந்தார்.

2022 மே மாதம், கரீபியனில் உள்ள அங்குவிலா தீவில், போதகர் கீயன் ஹெண்டர்சனை ஷானி மணந்தார். இந்தத் திருமணமும் விஎச்1இல் ஒளிபரப்பானது. 2024இல் ‘அன்டிஃபீட்டட்’ என்ற தன் வாழ்க்கை வரலாற்று நூலை வெளியிட்டார். ஷாக்கை உண்மையில் காதலித்தோமா என்பதே தனக்கு உறுதியில்லை என்று அதில் எழுதியிருந்தார். பத்திரிகைகள் அந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டன. ஷாக் சண்டைக்குப் போகவில்லை. தனக்குப் புரிகிறது என்று சொல்லி, நல்வாழ்த்துக் கூறினார்.

இப்போது அவர் ஷானி ஹெண்டர்சன். ஹூஸ்டனில் கணவர் நடத்தும் லைட்ஹவுஸ் திருச்சபையின் பணிகளில் அவரோடு சேர்ந்து ஈடுபட்டு வருகிறார்.