எளிமையும் உரிமையும்



எழுதியதைக் காப்பது எழுதுவதற்கு இணையான பொறுப்பு. ஏட்டைச் செல்லரித்தது; தாளை மழை நனைத்தது. இன்றைய கவிஞரின் கையெழுத்துப்படியோ கணினிக் கோப்பாகி, தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் கிடக்கிறது. அதனை மேகம் என்கின்றனர். பெயர்தான் மேகம், உண்மையில் அது மண்ணில் நிற்கும் கட்டடம், மின்சாரத்தால் இயங்கும் கணினிகளின் அணிவகுப்பு. அக்கட்டடத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பதே வினா.

அமெரிக்காவில் 2007இல் ட்ரூ ஹூஸ்டனும் அராஷ் ஃபெர்தோசியும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். பேருந்துப் பயணத்தின்போது பென்டிரைவை மறந்து வந்ததே ஹூஸ்டனின் எண்ணத்திற்கு வித்து. அவர்கள் கண்ட விடை ஒரே ஒரு கோப்புறை. அதில் இட்டது உரியவரின் எல்லாக் கணினிகளிலும் தானே தோன்றும். கற்க ஒன்றுமில்லை, அதுவே அதன் வெற்றி. 2012இல் வந்த கூகுள் டிரைவும் இவ்வெளிமையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது.

எனினும் எளிமை என்பது முடிவுகள் இல்லாமை அன்று. முடிவுகளைப் பிறர் எடுத்துவிடுவது. ஒத்திசைவைக் காப்புப்படி என்று நம்புவோர் பலர். ஒரு கணினியில் அழித்த கவிதை மற்றவற்றிலிருந்தும் மறையும். கூகுள் டிரைவின் குப்பைக்கூடையில் அது 30 நாள் இருக்கும், பின்னர் இராது. 2019இல் டிராப்பாக்ஸ், இலவசக் கணக்கினர் 3 கருவிகளையே இணைக்கலாம் என்று வரையறுத்தது. இரண்டாண்டு பயன்படாத தனியார் கணக்குகளை நீக்கும் விதியைக் கூகுள் 2023இல் அறிவித்தது. மறைந்த கவிஞரின் கணக்கும் பயன்படாத கணக்கே அன்றோ?

மறுகரையில் முழு உரிமை நிற்கிறது. ஃபிராங்க் கார்லிட்செக் 2016இல் தொடங்கிய நெக்ஸ்ட்கிளவுட் போன்ற மென்பொருளைக் கொண்டு, சொந்தக் கணினியிலேயே இத்தகைய சேமிப்பகத்தை அமைக்கலாம். ஆனால் வீட்டுக்காரரே காவற்காரரும் ஆகவேண்டும். வட்டு பழுதானாலும், மென்பொருளைப் புதுப்பிக்க மறந்தாலும் பொறுப்பு அவரையே சாரும்.

2022 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஐகிளவுடில் பெரும்பாலான தரவுகளின் மறைகுறிச் சாவியைப் பயனரிடமே விடும் வசதியை அளித்தது. கடவுச்சொல்லும் மீட்புவழிகளும் தொலைந்தால் நிறுவனத்தாலும் அவற்றைத் திறக்க இயலாது. அவ்வசதியும் 2025 பிப்ரவரியில் பிரிட்டனின் புதிய பயனர்க்கு நிறுத்தப்பட்டது. பிறர் அளித்த உரிமை பிறராலேயே திரும்பப் பெறப்படும் என்பதற்கு இது சான்று.

ஆகவே எளிமையும் உரிமையும் பகையல்ல. ஒன்று மற்றொன்றை விழுங்குவதே தீது. நல்ல சேவை தானே இயங்கும். கேட்டால், தான் செய்வதை மறைக்காமல் காட்டும். விலகுவோர்க்குக் கோப்புகளை முழுமையாகத் தரும்.

கவிஞர்க்கு உரியது எளிய ஒழுங்கு. மேகத்தில் ஒரு படி, வீட்டிலுள்ள வட்டில் ஒரு படி, தாளில் ஒரு படி. கணக்கு நெடுநாள் செயலற்றுப் போனால் அதனைப் பெறத்தக்கவரை முன்கூட்டியே குறிக்கும் வசதியைக் கூகுள் 2013 முதல் வழங்குகிறது. அதில் ஒரு பெயரை எழுதச் சில நிமிடங்கள் போதும். எழுதாமல் விட்டால், ஒரு வாழ்நாளின் வரிகள் பூட்டிய கதவுக்குள் கிடந்து, ஒருநாள் ஓசையின்றி மறையும்.