மனசுக்கு வைத்தியம்: பணத்துக்கு என்ன வழி?

(கீழ்பென்னாத்தூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பல வருஷம் கிளெய்ம் ஃபைல் பார்த்தவன் நான். அதனால் ஊர்க்காரர்கள் என்னைத் தனியாக அழைத்துப் போய், மெதுவான குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, பொண்ணை கவுன்சலிங் கூட்டிட்டுப் போறோம். இன்சூரன்ஸ்ல பணம் வருமா? வந்தாலும் வாங்கலாமா? நாளைக்கு ரெக்கார்டுல நிக்காதா?"

முதலில், வருமா என்பதைப் பார்ப்போம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் இன்சூரன்ஸ் உண்டோ, அதே அடிப்படையில் மன நோய்க்கும் வேண்டும் என்று அதன் 21-ஆவது பிரிவு சொல்கிறது. மன நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த ஒரு பெண்மணிக்குப் பணம் மறுக்கப்பட்ட வழக்கில், 2021-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

ஆனால் ஒரு விஷயம். நம் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். காய்ச்சலுக்கு ஓ.பி.யில் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் கிளெய்ம் உண்டா? இல்லையல்லவா? கவுன்சலிங்குக்கும் அதே கணக்குத்தான். உட்கார்ந்து பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறோம். ஓ.பி. செலவும் சேர்த்து எடுத்த பாலிசி இல்லாவிட்டால் கைக்காசுதான்.

ஒரு சிட்டிங் ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒன்று, மூன்று மாதம் என்றால் 12,000 ரூபாய். பஸ் செலவும், வேலைக்குப் போகாத நாளின் கூலியும் தனி. அதனால்தான் நாலாவது சிட்டிங்கோடு "இப்போ பரவால்ல" என்று பலர் நின்றுவிடுகிறார்கள். பாதியில் விட்டால் கொடுத்த காசு வீணாகலாம், நோயும் தீராமல் இருக்கலாம். ஆகவே ஆரம்பிக்கும்போதே எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு, குறைத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

முடியாது என்றால், திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே ஓ.பி. சீட்டு போட்டுப் பார்க்கலாம், மாத்திரையும் இலவசம். ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்க முடியவில்லை என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த டெலி மானஸ் சேவையில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இனி ரெக்கார்டு விஷயம். "டாக்டரைப் பார்த்ததை ஃபார்ம்ல எழுதாதே, பாலிசி தரமாட்டான்" என்று யோசனை சொல்பவர்கள் நம் ஊரில் ஏராளம். கேட்காதீர்கள்! மறைத்து வாங்கிய பாலிசியில், நாளை இருதய ஆபரேஷனுக்குக் கிளெய்ம் போட்டாலும் பழைய சீட்டைக் காட்டித் தகராறு வரலாம். எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? பிரீமியம் கூடலாம், காத்திருக்கச் சொல்லலாம். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 2024 முதல் விதி. ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றில் கேளுங்கள். கிளெய்மை அநியாயமாக மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால், சென்னையில் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்புட்ஸ்மன் இருக்கிறார். அங்கே வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. நோயாளியின் விவரத்தை வைத்தியம் பார்ப்பவர் ரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் அதே 2017 சட்டம் சொல்கிறது.

ஆக, நான் சொல்வது இதுதான். ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் இன்சூரன்ஸை அச்சமில்லாமல் பயன்படுத்துங்கள். பிரீமியம் கட்டியது அதற்குத்தான். வாராவாரம் பேசப் போவதற்கு அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். கைக்காசுக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ முன்கூட்டியே திட்டம் போடுங்கள்.

மாணவச் செல்வங்களே, வீட்டில் காசில்லை என்று மனக் கஷ்டத்தை உள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டாம். காசில்லாத வழியும் இருக்கிறது. வழி தெரியாவிட்டால் இந்தச் சங்கத்தில் யாரையாவது கேளுங்கள். கூட வர நாங்கள் இருக்கிறோம்.