ஒரே வேலைக்கு இரு கூலியா?

பஞ்சாயத்து அங்கத்தினர்களே, விவசாயப் பெருமக்களே!

நிலக்கடலை பிடுங்கும் ஆணுக்கு ஒரு கூலி, அதே வரிசையில் குனிந்து பிடுங்கும் பெண்ணுக்கு அதிலும் குறைந்த கூலி என்பது பல ஊர்களின் வழக்கம். 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே இதனைத் தடுத்தது. அச்சட்டம் போய்விட்டதென்று சிலர் மகிழ்கின்றனர். அதன் இடத்தில் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. ஒரே வேலைக்கோ ஒத்த தன்மையுள்ள வேலைக்கோ, ஆண் பெண் என்று பார்த்துக் கூலியை வேறுபடுத்தலாகாது.

“அப்படியானால் ஆண் கூலியைக் குறைத்துவிடுகிறேன்” என்றார் ஓர் அன்பர். அதற்கும் இடமில்லை. சமன் செய்வதற்காக எவர் கூலியையும் குறைக்கலாகாதென்று அதே சட்டம் விதிக்கிறது. பெண் கூலியைத்தான் உயர்த்த வேண்டும். பெண்கள் வேலை இலகுவென்போர் வரப்பைவிட்டு இறங்கி ஒரு பகல் பிடுங்கிப் பார்க்கலாம். அங்கத்தினர்கள் இவ்விதியை அடுத்த கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்; அறுவடைக்குக் கூலி பேசும் முன்பே படியுங்கள்.