முதல் போட்டவர்

பழவேற்காட்டு ஏரியிலே மீன் பிடிப்பதற்குப் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. ஏரி பெரிதுதான், ஆனால் மீனும் இறாலும் மிகுதியாக நடமாடும் இடங்கள் சிலவே. ஆகையால் உரிமையுடைய குப்பத்தார் ஒன்றுகூடிச் சீட்டுக் குலுக்கி, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை இடலாம் என்று முறை வகுத்துக்கொள்வர். சீட்டு விழுந்தவருக்கு இடம் உறுதி, மீன் உறுதியன்று. அந்தக் கரையில் நான் நெடுங்காலம் ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் இருந்தேன். படகுக்கும் வலைக்கும் முதல் போட்டவர், வெறும் வலையோடு திரும்பும் படகைக் கரையில் நின்று பார்ப்பதைப் பன்முறை கண்டிருக்கிறேன். சிலர் அப்போதே கணக்குக் கேட்பர். சிலர், “நாளைக்கு எப்போது புறப்படுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு நடப்பர்.

திரைப்பட உலகிலும் முதல் போடுபவர் ஒருவர் உண்டு. படம் வெளியாகும் நாளில் இயக்குநர் மேடையேறி, “இவர் இல்லையேல் இந்தப் படம் இல்லை” என்று தயாரிப்பாளருக்கு நன்றி கூறுவது வழக்கம். அது வெறும் சம்பிரதாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அது வலை இன்னும் கரை சேராத நேரத்தில் சொல்லும் நன்றி. வலை வெறுமையாக வந்த பிறகும் அடுத்த படத்துக்கு அழைக்கும் தயாரிப்பாளர் எத்தனை பேர்? அப்படி ஒருவரை நான் அறிவேன். நேரில் அன்று, அவர் ஆக்கித் தந்த படங்களின் வாயிலாக.

கேரளத்துக் கொல்லம் நகரில் முந்திரிப் பருப்பு ஏற்றுமதி செய்துவந்த கே. ரவீந்திரநாதன் நாயரே அவர். ‘ஜெனரல் பிக்சர்ஸ்’ என்பது அவருடைய நிறுவனம். 1973-இல் அவர் தயாரித்த ‘அச்சாணி’ என்னும் படம் நல்ல வருவாய் ஈட்டியது. அந்த வருவாய் கொல்லத்துப் பொது நூலகம் எழுவதற்கு உதவியது. ஊரார் அவரை ‘அச்சாணி ரவி’ என்றே அழைத்தனர். வண்டி ஓடும்போது அச்சாணியை யார் நினைக்கிறார்கள்? பட்டப்பெயர் வைத்தவர்கள் அறிந்தே வைத்தார்களோ என்னவோ, பொருத்தமாய் அமைந்துவிட்டது.

வெற்றி கண்ட வணிகர் அதே போன்ற படத்தை மறுபடியும் எடுப்பதுதான் உலக வழக்கம். ரவி அவ்வாறு செய்யவில்லை. இரப்பர் வாரியத்தில் அலுவலராகவும் ‘மாத்ருபூமி’ வார இதழில் கேலிச் சித்திரத் தொடர் வரைபவராகவும் இருந்த ஜி. அரவிந்தனை அவர் நம்பினார். 1977-இல் ‘காஞ்சன சீதை’ வந்தது. இராமனாக நடித்தவர் ஆந்திரக் காட்டுப் பழங்குடியினர் ஒருவர். சீதையோ திரையில் தோன்றுவதே இல்லை. காற்றும் மரமும் நீருமே சீதை. இத்தகைய படத்துக்குத் திரையரங்கில் கூட்டம் முண்டியடிக்கும் என்று எந்த வணிகரும் கணக்குப் போட்டிருக்க இயலாது. ஆனாலும் மறு ஆண்டே ‘தம்பு’, 1979-இல் ‘கும்மாட்டி’, 1980-இல் ‘எஸ்தப்பான்’, 1981-இல் ‘போக்குவெயில்’. ஐந்தாண்டில் ஐந்து படங்கள்! ‘காஞ்சன சீதை’க்கும் ‘தம்பு’க்கும் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதுகள் அரவிந்தனுக்குக் கிடைத்தன.

இவற்றுள் ‘எஸ்தப்பான்’ என் நெஞ்சுக்கு அணுக்கமானது. சென்னையில் ஒரு திரைப்படச் சங்கக் காட்சியில் அதைக் கண்டேன். கடற்கரைக் கிறிஸ்தவ மீனவர் குப்பம்; அதிலே எஸ்தப்பான் என்னும் விந்தை மனிதன். அவன் நீர்மேல் நடந்தான் என்பார் ஒருவர்; வேறொருவர் வேறொன்று சொல்வார். உண்மை எது என்று படம் தீர்ப்புக் கூறுவதில்லை. எங்கள் ஏரிக்கரைக் கிழவர்களும் மாலையில் வலை பிரித்துக்கொண்டே இப்படித்தான் பேசுவர். அந்தப் பேச்சின் ஓட்டத்தைக் கெடுக்காமல் திரைக்குக் கொண்டுவர ஓர் இயக்குநருக்கு எவ்வளவு அமைதி வேண்டும்! அந்த அமைதியைப் பணத்தால் மட்டும் வாங்க முடியாது. அவசரப்படுத்தாத தயாரிப்பாளர் ஒருவரே அதைத் தர இயலும்.

அடூர் கோபாலகிருஷ்ணனுக்கும் ரவி அவ்வாறே துணை நின்றார். ‘எலிப்பத்தாயம்’ தொடங்கி 1994-இல் வந்த ‘விதேயன்’ வரை நான்கு படங்கள். அரவிந்தன் 1991-இல், ஐம்பத்தாறு வயதில் மறைந்தார். அவருடைய ‘தம்பு’ புதுப்பிக்கப்பட்டு 2022-இல் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழாவில் மீண்டும் வெளிச்சம் கண்டது. தொண்ணூறை நெருங்கிய ரவி அப்போது உயிரோடிருந்தார். 2023 ஜூலையில் அவரும் மறைந்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நிகழ்ந்த அந்த இரண்டாம் வெளியீட்டில் நன்றி சொல்ல இயக்குநர் இல்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஓர் உறுத்தல் எழுகிறது. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நானும் ஒருகாலத்தில் இயக்குநனாக இருந்தேன். பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்குத்தான்! குப்பத்துப் பிள்ளைகளைக் கொண்டு அரிச்சந்திரன் நாடகம் போட்டேன். திரைச்சீலை, வேடப்பொருள், விளக்கு ஆகியவற்றின் வாடகை அனைத்தையும் ஏற்றவர் படகுக்காரப் பெரியவர் ஒருவர். எழுத்தறியாதவர். மயான காண்டம் தொடங்கும்போது காற்றும் மழையும் சேர்ந்து வந்து திரையைக் கிழித்தன, கூட்டம் கலைந்தது. எஞ்சி நின்றவர்களுக்கு நான் நன்றியுரை கூறினேன். வந்திருந்த அதிகாரிகள் அனைவர் பெயரையும் வரிசையாகச் சொன்னேன். பெரியவர் பெயரை மறந்தேன். அவர் கிழிந்த திரையை மடித்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பிறகே நினைவு வந்தது. மறுநாள் போய்ச் சொல்ல வெட்கம்; அதற்கடுத்த நாளும் வெட்கம். இப்படியே ஓர் ஆண்டு கழிந்தது. மார்கழியில் ஒரு காலை பள்ளி வாசலில் அவர் வந்து நின்றார்.

“இந்த வருஷம் என்ன நாடகம், வாத்தியாரே?”

அவ்வாண்டு விழாவில் நாடகம் தொடங்குமுன்பே ஒலிபெருக்கியைப் பிடித்து அவர் பெயரை முதலாவதாகச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினர். என் கண்கள் கூட்டத்தில் அவரைத் தேடின. அவர் அங்கே இல்லை. அன்று அவர் படகுக்குப் பாடு விழுந்த இரவு. ஏரியில் இருந்தார்.