நாவின்கீழ் ஒரு மாத்திரை

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கணம் கற்பித்த ஆசிரியன் மருத்துவம் பேசலாமா என நீங்கள் எண்ணக்கூடும். நான் செய்த பிழையொன்றே என்னைப் பேசவைக்கிறது.

சில ஆண்டுகளுக்குமுன் ஒருநாள் விடியற்காலையில் என் தமையனார்க்கு நெஞ்சுவலி கண்டது. மருத்துவர் அவருக்கு எழுதித் தந்திருந்த சார்பிட்ரேட் மாத்திரையை, பதற்றத்தில், நின்றவாறே இருந்த அவரது நாவின்கீழ் வைத்தேன். சிறிது நேரத்தில் தலைசுற்றிச் சாய்ந்தார். கதவுநிலையில் மோதி நெற்றி பிளந்தது. மருந்து தன் கடமையைச் செய்தது, கொடுத்தவன்தான் தவறினேன்.

அம்மாத்திரை இரத்தக் குழாய்களை விரியச்செய்து இதயத்தின் சுமையைக் குறைக்கிறது. குழாய்கள் விரிய, இரத்த அழுத்தம் தாழ்கிறது. ஆதலால் நோயாளியை முதலில் அமரச் செய்தல் வேண்டும்.

அடுத்து மூன்று வினாக்கள். இம்மருந்து இவருக்கே எழுதித் தரப்பட்டதா? அடுத்த வீட்டாரின் மாத்திரையை இரவல் வாங்கிக் கொடுத்தல் ஆகாது. காலாவதி நாள் கடந்துவிட்டதா? கடந்த இரண்டு நாள்களுக்குள் ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரை எதனையும் உட்கொண்டாரா? பலர் முன்னிலையில் இதற்கு உண்மை வாராது. தனியே, மெல்லக் கேளுங்கள். இவ்விரு மருந்தும் உடலில் ஒன்றுசேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கே ஊறாகும் அளவு வீழ்ந்துவிடும். மயக்கமோ தாழ்ந்த அழுத்தமோ இருப்பினும் மாத்திரை தரலாகாது.

மாத்திரையை விழுங்கச் சொல்லாதீர்கள், நாவின்கீழ் கரையவிடுங்கள். கொடுத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிடில் உடனே 108-ஐ அழையுங்கள். முன்பு இதயநோய் அறியாதவர்க்கு இவ்வலி வந்தால் ஐந்து நிமிடமும் காத்திராமல் அழையுங்கள். வரும் ஊழியரிடம் மருந்தின் பெயரையும் நேரத்தையும் சொல்லுங்கள். நோயாளியே வண்டி ஓட்டிச் செல்ல ஒருபோதும் இசையாதீர்கள்.

இல்லம் திரும்பியதும் ஒரு சிறு பணி செய்யுங்கள். முதியோர் உண்ணும் மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருந்துப் பெட்டியில் வையுங்கள். பதறும் வேளையில் நினைவு துணைவராது; தாள் துணைவரும்.

தமையனார் இன்று நலமாக உள்ளார். அவர் நெற்றித் தழும்பைக் காணும்போதெல்லாம், “முதலில் அமரச் செய்” என்று அது என்னிடம் சொல்வதுபோல் இருக்கிறது. அப்பாடத்தை நீங்கள் தழும்பின்றியே கற்றுக்கொள்ள வேண்டுமென்பதே என் விழைவு.